எட்டாவது அறிவிப்பு

டெல்சிக்குப் பைத்தியம் என்று சொல்கிற வாய், அன்றைக்கு அவள் வீட்டில் இரண்டு துண்டு மீன் தின்ற வாய். மளிகைக்கடை கிளீவ்லண்டின் முகத்துக்கு நேராகவே அதைச் சொன்னேன்.

"மீனைப் பத்தி இப்ப எதுக்கு, மிஸ் ஆலிவ்? உங்க அண்ணன் மக வெள்ளைக்காரன் காசை வாங்கப்போறா. அதுவும் அடிமை வித்த காசு. அதைச் சொன்னா உங்களுக்குக் கோவம்."

"நீ ஞாயித்துக்கிழமை ஆனா டோமினோ தட்டிக்கிட்டு என்ன சொல்லுவ? அவங்க நமக்கு ஈடு கட்டணும்னு. கட்ட வந்தா, வாங்குறவளை வாயில போட்டு மெல்லுற."

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டு யாரும் எப்படியும் பேசிக்கொள்ளட்டும்.

டெல்சி பதினோரு வருடம் எங்கள் வட்டார வானொலியில் மரண அறிவிப்பு வாசித்தாள். மாலை ஆறரை ஆனால் எங்கள் ஊர் கேரிக் மலையில் சட்டிக்குள் கரண்டி நின்றுவிடும். இறந்தவர் பெயர், அன்பாக அழைக்கப்பட்ட பெயர், யாருடைய பிள்ளை, கிங்ஸ்டனில் யார், டொரன்டோவில் யார், எல்லாம் அவள் குரலில்தான் எங்களுக்கு வந்து சேரும். சனிக்கிழமைகளில் ஸ்பானிஷ் டவுன் ஆவணக் காப்பகத்துக்குப் போய் அடிமைக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டுவாள். ஓடிப்போனவர்களைப் பிடித்துத் தரச்சொல்லி எஜமானர்கள் அவற்றில் விளம்பரம் கொடுத்திருப்பார்கள்.

"அத்தை, நான் வாசிக்கிற மாதிரியே இருக்கு," என்றாள் ஒருநாள், என்னோடு துவரை உரித்தபடி. "பேரு, செல்லப்பேரு, அம்மா எந்தத் தோட்டம், அண்ணன் எங்க. ஓடினவன் அம்மாவைத் தேடித்தான் போவான்னு தெரிஞ்சு எஜமான் எழுதியிருக்கான்."

அந்த மாதமே ஒரு மாலை ஏழு அறிவிப்பு வாசித்துவிட்டு எட்டாவதாக ஒன்று வாசித்தாள். "ஜூபா. மிம்பா என்று அன்பாக அழைக்கப்பட்டவர். கேரிக் தோட்டத்து ஃபீபாவின் மகள். துறைமுகத்து கட்ஜோவின் தங்கை." அது விளம்பரத்தில் இருந்த, இருநூறு வருடத்துக்கு முந்தைய அடிமைப் பெண் என்று டெல்சி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அது டெல்சியின் தப்புதான், நான் மறைக்கவில்லை.

கேரிக் என்று காதில் விழுந்தால் போதாதா? சாவு வீட்டில் ஒன்பதாம் இரவுவரை கூடுவது எங்கள் வழக்கம். எந்த வீடு என்று தெரியாததால் அறிவித்தவள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், பொரித்த மீன், ரொட்டி, காப்பி, ரம்மோடு. மத்தளத்தோடு முதலில் வந்தவன் கிளீவ்லண்ட். பாட்டு பாதியில் இருக்கும்போது, செத்தது யார் என்று ஒருவர் கேட்டார். டெல்சி சொன்னாள். மத்தளம் நின்றது. பாதிப் பேர் எழுந்து போனார்கள்.

ஒன்பதாம் இரவின் கடைசியில் செத்தவரின் கட்டிலை இடம் மாற்றிப் போட்டு, இனி இது உன் வீடு இல்லை என்று ஆவியை வழியனுப்ப வேண்டும். அதை யாரும் செய்யவில்லை. அதன் பிறகு ஊரில் ஆடு செத்தாலும் ஜூபா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஜூபா. வானொலிக்காரர்கள் டெல்சியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

பிறகுதான் அவள் விண்ணப்பித்திருந்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்தது. நாலு வருட முனைவர் படிப்பு, எல்லாச் செலவும் அவர்களுடையது. அந்த மாதிரி விளம்பரம் போட்டு வளர்ந்த பத்திரிகைகள், இன்றைக்கு அடிமைத்தனத்துக்கு ஈடு கொடுப்பதைப் பற்றி என்ன எழுதுகின்றன, எதை எழுதாமல் விடுகின்றன என்று ஆராய வேண்டும். பணம் தருவதும் அப்படி ஒரு பத்திரிகைதான்.

டெல்சியின் அம்மா ஐவி என் அண்ணி. அவள் கேட்டாள்: "அவங்க சோத்தைத் தின்னுக்கிட்டு அவங்களையே கேள்வி கேப்பியா? வாயைக் கட்டிருவாங்கடி."

"கட்டலாம்மா. எனக்கும் அந்தப் பயம் இருக்கு. ஆனா மிச்சத் தாளெல்லாம் அங்கதான் கெடக்கு."

"அப்ப நான் செத்தா யாரு வாசிப்பா?"

டெல்சி கடிதத்தை மடித்து வைத்தாள். அம்மா போ என்று சொல்லாமல் போகப்போவதில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னாள். ஐவியோ மூன்று வாரம் மகளோடு பேசவே இல்லை.

பயண நாள் காலையில் கார் வந்து நின்றது. பெட்டி கூடத்தில் இருந்தது. டெல்சி செருப்புகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கட்டில் இழுபடும் சத்தம். போய்ப் பார்த்தால் ஐவி தனியாக டெல்சியின் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிற பெண்ணின் கட்டிலை.

"என்னையா அனுப்புற?" என்றாள் டெல்சி, அறை வாசலில் நின்று.

ஐவிக்கு மூச்சு வாங்கியது. "நீ கூப்பிட்டவளை. அவளை இங்க என்கிட்ட விட்டுட்டுப் போகாத. கூட்டிட்டுப் போ. அவங்க நடுக்கூடத்துல உக்கார வை."

டெல்சி கட்டிலின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். அப்புறம் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பெட்டியை எடுத்தாள். வெளியே கால் வைத்த பிறகும் கதவைச் சாத்தவில்லை. பின்னால் இன்னொருத்தி வாசல் தாண்டி வர ஆகும் நேரம்வரை அதைக் கையால் பிடித்தபடி நின்றாள்.