மாவில் திறந்த கண்

சுமியாத்தி பாலித் தீவுக்கு வாழ வந்தவள் அல்ல, ஓடி வந்தவள். அவள் அப்பா ஜாவாவின் கிழக்கு முனையில், பன்யுவாங்கிப் பக்கத்துக் கிராமத்தில், முறிந்த எலும்புக்குக் கட்டுப்போடுகிறவர். தொண்ணூற்றெட்டாம் வருஷம், சூனியக்காரர்கள் என்று சொல்லி அங்கே ஆட்களை அடித்துக் கொன்றார்களே, அந்த மாதங்களில் ஒருநாள் அவர் வீட்டுக்கு ஆள் வரத்து நின்றது. மூன்று நாள் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் கும்பலாக வந்தார்கள். அவர் கட்டுப்போட்டு நேராக்கிய கைகளும் அதில் இருந்தன.

அம்மா போய்ச் சேர்ந்ததும் சுமியாத்தி கப்பலேறினாள். பாலியின் கரங்காசெமில் எரிமலை மணல் அள்ளுகிற இடத்தில் சோறு விற்றாள். மணல் லாரி ஓட்டிய ஞோமான் டாங்கின் அவளைக் கட்டிக்கொண்டான். அவன் சாமியே தன் சாமி என்று ஏற்றுக்கொண்டாள். அப்பா எப்படிச் செத்தார் என்பது டாங்கினுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு, நெஞ்சுவலி.

டாங்கினின் ஊர்க் கோயிலில் திருவிழா வந்தால் பெண்கள் மண்டபத்தில் கூடி அரிசி மாவில் சாயம் கலந்து உருவங்கள் பிடிப்பார்கள். சூரியன், ஆமை, நாகம், மரம், பெண் எல்லாவற்றையும் எண்ணெயில் பொரித்து, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மூங்கில் சட்டத்தில் குத்தி நிறுத்துவார்கள். நடுவில் பிதுங்கிய கண்ணும் கோரைப் பல்லுமாக, காவல் பூதமான போமாவின் முகம். அந்தச் சட்டத்துக்குச் சராட் என்று பெயர். உலகம் முழுவதும் அதில் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு வருஷம் அவளுக்கு எண்ணெய்ச் சட்டி வேலைதான். பக்கத்து வீட்டு சாரினிதான் ஒருநாள் மாவை உருட்டி அவள் கையில் வைத்தாள்.

"ஒரு மீன் பண்ணு, ஜாவாக்காரி. கோணலா வந்தாலும் மீன்தானே, யாரு கேக்கப் போறா?"

மீன் எண்ணெயில் வெடித்து சாரினியின் இடுப்புத்துணியைப் பொத்தலாக்கியது. "சாமிக்குப் பண்ணச் சொன்னா எனக்கே வேட்டு வெக்கிறியாடி!" என்று மண்டபம் அதிர அவள் சிரித்தாள். மாவில் ஈரம் மிஞ்சினால் வெடிக்கும், குறைந்தால் விரிசல் விடும். பக்கத்தில் இருக்கிற கைகளைப் பார்த்துப் பார்த்து, கூடை கூடையாகக் கெடுத்துக் கற்றாள். நாலாம் வருஷம், மூங்கில் சிம்பால் அவள் கண் வைத்த ஆமை நம்மைப் பார்த்தது. படையல் வேலைக்குத் தலைவியான ஜெரோ விரி, யாரையும் லேசில் பாராட்டாதவள், "கண்ணெல்லாம் அவகிட்ட குடுங்க" என்று மட்டும் சொன்னாள். சுமியாத்தி வீட்டுக்குப் போய் அழுதாள்.

ஆறாம் வருஷம்தான் அது நடந்தது. சாரினியின் நாலு வயது மகள் ஆயுனி மண்டபத்தில் சுமியாத்தியின் மடியோடு ஒட்டிக்கொண்டு பச்சை மாவைத் தின்றுகொண்டிருந்தாள். சுமியாத்தி விளையாட்டாக ஒரு பெண் உருவம் பிடித்தாள். உச்சியில் குடுமி, விழுந்து உடைந்த முன்பல்லுக்கு ஓர் இடைவெளி.

"அம்மா, இது நானு!" என்று குழந்தை கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் ஆயுனிக்குக் காய்ச்சல் கொதித்தது. மூன்றாம் நாள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் சேர்த்தார்கள். ரத்தத்தில் அணுக்கள் குறைகின்றன, கொசுக்காய்ச்சல் என்றார்கள். ஆனால் மண்டபத்தில் மென் ரூபா என்கிற மூத்தவள் தென்னங்குருத்தைக் கிழித்தபடியே கேட்டாள்:

"உசிரோட இருக்கிற புள்ளைக்கு உருவம் பண்ணலாமா? பண்ணினவ எந்த ஊரு? அந்த ஊரு எதுக்குப் பேர் போனதுன்னு நான் வேற சொல்லணுமா?"

மறுநாள் சுமியாத்தியின் பாய்க்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. காய்கறிக் கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு அறுந்தது. கடைக்காரி மிளகாயைக் கையில் தராமல் பலகையில் வைத்தாள். இந்த அமைதியைச் சுமியாத்தி அப்பா வீட்டில் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள்.

டாங்கினுக்குப் போன் போட்டாள். மணலோடு தீவின் மறுகோடியில் இருந்தான்.

"நாளைக்குக் காலையில வந்துடறேன். கதவைத் தாப்பாப் போட்டுக்கோ. யாரு கூப்பிட்டாலும் போகாதே."

"அப்பாவையும் இப்படித்தான் வீட்டுக்குள்ள இருக்கச் சொன்னோம்" என்றாள் அவள்.

பையில் துணி திணித்தாள். பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் கப்பல். ஓடினால் குற்றம் செய்தவள் ஆகிவிடுவாள். ஓடாவிட்டால்? அப்பா தப்பு செய்யாததால் ஓடவில்லை. அதில் அவருக்கு என்ன கிடைத்தது? பையின் வாரைப் பிடித்தபடி நின்றபோது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சாரினியின் புருஷன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"சாரினி உன்னை வரச் சொன்னா. அந்தப் பொம்மையையும் எடுத்துட்டு வரணுமாம்."

வண்டியில் ஏறிக்கொள் என்று அவன் சொல்லவில்லை. மண்டபத்துத் தட்டிலிருந்து பொம்மையை எடுத்து, வாழையிலையில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி நடந்தாள். தெரு நெடுகக் கதவோரம் ஆட்கள். ஒருவன் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். அவள் தாண்டும்வரை அரிவாள் அவன் கையில் அசையாமல் நின்றது. ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று காலுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

சுகாதார நிலையத்து வராந்தாவில் சாரினி நின்றாள். பின்னால் அவள் வீட்டார், மென் ரூபா, இன்னும் ஏழெட்டுப் பேர்.

"என் புள்ளையைத்தானே பண்ணினே?"

"ஆமா."

"எதுக்குப் பண்ணினே?"

"அவ மேல ஆசையில." குரல் எழும்பவில்லை. "சாரினி, எனக்கு வேற எதுவும் தெரியாது. நீ சொல்லிக் குடுத்ததுதான் எனக்குத் தெரியும்."

"உடைச்சுப் போடு" என்றார் யாரோ. "உடைச்சா புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றார் இன்னொருவர். சாரினி பொம்மையையும் உள்ளே கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் பயந்துதான் போயிருந்தாள் என்பது அப்போதுதான் சுமியாத்திக்குப் புரிந்தது.

சுமியாத்தி இலையோடு தரையில் உட்கார்ந்தாள். "இது அரிசி மாவு. இதுல ஏதாவது இருந்தா அது என் வயித்துக்குள்ளயே இருக்கட்டும்" என்று சொல்லிப் பொம்மையைக் கடித்தாள். நாள்பட்ட மாவு கல்லாக இருந்தது. ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, குடுமியும் கையும் காலும் கண்ணுமாக, ஒரு பொருக்கு விடாமல் தின்று முடித்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது சாரினிதான்.

ஆயுனிக்கு ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. ஊசியும் மருந்துநீரும்தான் காரணம் என்றார் டாக்டர். ஊரில் பாதிப்பேர் அப்படி நினைக்கவில்லை. "தின்னதும் இறங்கிடுச்சு பாத்தியா? அப்போ சூனியம் வெச்சது அவதானே?" என்றாள் மென் ரூபா.

போமாவின் முகம் இன்னும் பாக்கி இருந்தது. ஜெரோ விரி சுமியாத்தியின் வீட்டுக்கே வந்து நின்றாள்.

"பயமா இருக்கு, ஜெரோ. நான் வெக்கிற கண்ணைப் பாத்துத்தான் பயப்படறாங்க."

"போமாவைப் பாத்தா பயம் வரணும்டி. வராட்டி அது என்ன போமா? எழுந்து வா."

போனாள். போமாவுக்குக் கண் வைத்தாள். இடது விழி சற்றே மேலே ஏறிவிட்டது. யாரும் திருத்தச் சொல்லவில்லை.

இது நடந்து பன்னிரண்டு வருஷம். இன்றும் அந்த ஊர் சராட்டுக்குக் கண் வைப்பது சுமியாத்திதான். பக்கத்து ஊர்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். சாரினி பழையபடி சிரிக்கிறாள், ஆனால் பேச்சில் அந்த நாளை இருவரும் தொடுவதில்லை. மனித உருவம் பிடிக்கும்போது மட்டும் சுமியாத்தி யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவள் பிடிக்கிற பெண்களுக்கெல்லாம் ஒரே முகம். குழந்தைகள் மடிக்கு வந்தால் மாவைக் கீழே வைத்து, கை கழுவிவிட்டுத்தான் தூக்குகிறாள்.