அரையிறுதி அன்று நான் சொன்ன பதில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சாந்தோம் பக்கத்து மைதானம் ஒன்றில் வருஷா வருஷம் ஒரு கால்பந்துக் கோப்பைப் போட்டி நடக்கும். பெரிய லீக்கில் இடம் கிடைக்காத குழுக்களுக்கானது. அச்சுக்கூடத் தொழிலாளர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், கடலோரக் குப்பத்து மீனவர்கள் எல்லோரும் பெயர் கொடுப்பார்கள். ஓர் ஆட்டம் தோற்றால் அந்த வருஷம் அவ்வளவுதான், மூட்டையைக் கட்ட வேண்டியது. அந்தப் போட்டிக்கு நான் சில வருஷங்கள் ரெபரியாக இருந்தேன்.

எனக்கு ஆட்டம் பிடிக்கும், ஆட வராது. விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். கல்யாணமான இரண்டாம் வருஷமே மனைவி டைபாய்டில் போய்விட்டாள். மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாக இருந்தேன். கோட்டைப் பக்கத்து ஆபீஸிலிருந்து டிராமில் வந்து இறங்கினால், விளக்கேற்றும் நேரம்தான் தாங்க முடியாது. அந்த நேரத்தைக் கழிப்பதற்காகவே மைதானத்துக்குப் போனேன்.

ஆனால் ரெபரிக்கு அங்கேயும் பேச்சுத்துணை கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் சோடாக் கடைக்குப் போவார்கள். தோற்றவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு வேறு பக்கம் போவார்கள். இரண்டு கும்பலும் ரெபரியைக் கூப்பிடாது.

கூப்பிட்டவன் ஒருவன்தான். குப்பத்துக் குழுவின் கேப்டன். என் வயதுக்காரன், மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரன், கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவன். வெறுங்காலோடு நடுவில் நின்று ஆடுவான். ஒருநாள் ஆட்டம் முடிந்து நான் மணலில் உட்கார்ந்து காலில் தைத்த நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னா ஐயரே, தனியா குந்திகினு கீற? ஊட்ல யாரும் தேட மாட்டாங்களா?"

"யாரும் இல்லை" என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் யாரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் என் எதிரில் உட்கார்ந்துவிட்டான்.

அதிலிருந்து ஆட்டமில்லாத சாயங்காலங்களில் குப்பத்துக்குப் போக ஆரம்பித்தேன். அவன் வலை பின்னுவான். நான் கிளிஞ்சல்களை மணலில் பரப்பி ஆஃப்சைடு விளக்குவேன். அவன் மனைவி கருப்பட்டிக் காபி கொண்டுவந்து வைப்பாள். முதல் நாள் டம்ளரைத் தொடத் தயங்கினேன், அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், குடித்தேன். பிறகு தயக்கம் போய்விட்டது. 'ஐயரே' என்று கூப்பிட்டவன் கொஞ்ச நாளில் 'ரெபரி' என்று கூப்பிட்டான். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று.

அவன் குழு இரண்டு தடவை அரையிறுதி வரை வந்து தோற்றது. மறுபடியும் வந்தபோது எதிர்க்குழு ஓர் ஆபீஸ் கிளப். எல்லோரும் பூட்ஸ் போட்டவர்கள். ஆட்டத்துக்குச் சற்று முன் போட்டிக் கமிட்டியின் காரியதரிசி என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த வக்கீல் அவர்.

"ஓய், அந்தக் குப்பத்து ஆளோட உமக்கு ரொம்ப சிநேகமாமே? அவா ஆத்துல போய்க் காபியெல்லாம் சாப்பிடறீர்னு சொல்றா. கிளப்காரா ஆட்சேபம் பண்றா."

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆட்டத்துக்கு வேறு ரெபரி போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அப்போது தெரு மட்டுமே கண்ணில் நின்றது. பின்கட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ, ஊரில் இருக்கும் அண்ணாவுக்குக் கடிதம் போகுமோ என்றெல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

"சேச்சே! யார் சொன்னா? மைதானத்துல பார்த்திருக்கேன். மத்தபடி அவன் யார்னே எனக்குத் தெரியாது" என்றேன்.

காரியதரிசி தலையை ஆட்டினார். நான் வெளியே வந்து விசிலை எடுத்துக்கொண்டேன்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தது. முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் ஓரத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. கேப்டன் எழும்பினான். பந்து வலைக்குள் போயிற்று. குப்பமே கூச்சல் போட்டது. பந்து அவன் முழங்கைக்குக் கீழே பட்டுத் திரும்பியதை நான் நாலடி தூரத்தில் நின்று பார்த்தேன். ஊதினேன். கோல் இல்லை.

அவன் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் மணலை அள்ளி வீசினான். கேப்டன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊதிட்டாருல்ல, வுடு. வா" என்று அவர்களை இழுத்துக்கொண்டு போனான். கடைசி நிமிஷத்தில் ஆபீஸ் கிளப் இன்னொரு கோல் போட்டு ஜெயித்தது.

மூன்று நாள் கழித்துக் கடற்கரைக்குப் போனேன். அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா ஐயரே, இன்னா வோணும்?"

"கையில பட்டதுப்பா. நான் பார்த்தேன். பார்த்துட்டு எப்படி ஊதாம இருக்கறது?"

"ஆமா, பட்டுச்சு" என்றான். வலையில் அடுத்த முடிச்சைப் போட ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

தோற்ற கோபம் என்று நினைத்தேன். நியாயத்துக்காக ஒரு நட்பை இழந்தவன் நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வருஷம் முழுக்க எனக்கு இருந்த ஒரே துணை அந்த எண்ணம்தான். அடுத்த வருஷம் ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் லஸ் முனையில் டிராமுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவன் மனைவி மீன்கூடையோடு வந்தாள். என்னைக் கண்டு நின்றாள்.

"ஏன் ஐயரே, என் ஊட்டுக்காரரை யாருன்னே தெரியாதுன்னு சொன்னியாமே?"

டிராம் வருகிற பக்கம் பார்த்தேன்.

"அன்னிக்கு ஆட்றவங்க பேரு எய்தித் தர கொட்டாய்க்கு வந்து, தட்டிக்குப் பின்னால நின்னுகினு இருந்துச்சு. காதால கேட்டுச்சு. ரெண்டு நாளு சோறு துன்ல."

"தோத்ததுக்குன்னு நினைச்சேன்" என்றேன்.

"தோக்கறது அதுக்குப் புச்சா?" என்று சொல்லிவிட்டு, கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

டிராம் வந்தது. ஏறாமல் நின்றேன். அன்று ஆபீஸுக்குப் போகவில்லை. குப்பத்துக்கும் அன்றே போகவில்லை; அதற்குத் தைரியம் வர நாலு நாள் ஆயிற்று.

"நான் சொன்னது பொய். பயந்துட்டேன்" என்று வலை பின்னிக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்று சொன்னேன்.

"யாருக்கு?"

"தெருவுக்கு."

அவன் ஊசியைக் கீழே வைத்தான். "நீ இங்க வந்து எத்தினி நாளு காபி குட்ச்சிருப்ப. ஒரு நாளு உன் ஊட்டுக்கு வான்னு கூப்ட்டியா? நானும் எதிர்பாக்கல. தெரியும்னாவது சொல்லியிருக்கலாம்."

"இப்ப வா. இப்பவே வா, போகலாம்."

ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டான். "வாணாம். நான் வந்துட்டுப் பூடுவேன். அப்பால அங்க இருக்கப்போறது நீதான். போ, இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேரு." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. யாரோ வழி தவறி வந்தவனுக்குச் சொல்வதுபோலப் பதமாகச் சொன்னான்.

மறுநாள் காரியதரிசி வீட்டுக்குப் போனேன். அவனை எனக்கு நன்றாகத் தெரியும், அவன் வீட்டில் காபி குடித்ததும் உண்மை, அவன் ஆடும் ஆட்டத்தை எனக்குத் தர வேண்டாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குப் பிறகு முதல் சுற்று ஆட்டங்கள் மட்டும்தான் எனக்கு வந்தன. விஷயம் தெருவுக்கும் போயிற்று. முன்கட்டுக்காரர்கள் சில வாரம் பேசவில்லை. அதற்கு முன்னாலும் அவர்கள் என்னோடு அதிகம் பேசியதில்லை. நான் பயந்ததெல்லாம் இவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்துக் குப்பத்துக் குழு கோப்பையை ஜெயித்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, தப்பட்டை அடித்துக்கொண்டு மாதா கோவிலைப் பார்த்துப் போனார்கள். நானும் பின்னால் நடந்தேன். என்னைக் கண்டதும் அவன் இறங்கி இரண்டடி வந்தான்.

"பாரு" என்று கோப்பையை என் கையில் கொடுத்தான். நினைத்ததைவிட லேசாக இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஆட்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாலை திரும்பும் வரை போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

அடுத்த வருஷம் போட்டி தொடங்கியபோது, முதல் சுற்று ஆட்டம் ஒன்றுக்கு விசிலை எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலத்தில் போக எனக்கு வேறு இடம் இல்லை.