வெள்ளிமலை மேடையில் ஒலித்த பிரேக் டிரம்

பிள்ளைகளா, வாசலில் செம்பருத்தித் தொட்டிக்கு அடியில் கிடக்கும் துருப்பிடித்த இரும்பை எடைக்குப் போட்டுவிடலாமா என்று போன வாரம் கேட்டீர்கள். அது என் வேனின் பழைய பிரேக் டிரம்; சக்கரத்துக்குள் இருக்கும், சட்டி மாதிரியான கனத்த இரும்பு. அதன் ஜோடி எங்கே போனது என்று சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன், மே மாதம், வெள்ளிமலையில் கோடை விழா. நான் வேன் ஓட்டும் பாட்டுக் குழுவுக்குச் சொந்த மாவட்டத்தில் கிடைத்த முதல் மேடை. கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலைக் குடோனில் ஆரம்பித்த நாலு பேர் அவர்கள். ஒருவர் மூச்சுவிடாமல் ராப் பாடுவார். பின்னால் கிடாரும் டிரம்ஸும் இடி மாதிரி இடிக்கும். பெங்களூரு, குவாஹாட்டி வரை கூப்பிட்டார்கள். நம் ஊரில் மட்டும், “இன்னாடா கத்தறானுங்க” என்று சிரித்தார்கள். அன்றைக்குச் சரியாக அமையாவிட்டால் இங்கே இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எலவனாசூர்கோட்டையிலிருந்து உங்கள் மாமாவையும் இன்னும் மூன்று பேரையும் வரச் சொல்லிவிட்டேன். அவர்களும் ஏறியதும் வேனில் இடமில்லை. குழுவின் பேர் போட்டு விற்கிற பனியன் பெட்டிதானே என்று நினைத்து ஒரு கறுப்புப் பெட்டியை, யாரையும் கேட்காமல், குடோனிலேயே இறக்கி வைத்தேன்.

மலையேறி சாமான்களை இறக்கியதும் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி கேட்டார்: “அண்ணே, சிம்பல் பொட்டி எங்கண்ணே?”

சிம்பல் என்றால் டிரம்ஸோடு சேர்த்துத் தட்டும் பித்தளைத் தட்டுகள். அது இல்லாமல் அவர்கள் பாட்டு எழும்பாது. மேடையேற ஒரு மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் கீழே போய் வர முடியாது.

“நான்தான் எறக்கிட்டேன் தம்பி” என்றேன்.

“இன்னா மாமா, கண்ணாலத்துக்கு வந்துட்டு தாலிய வூட்ல வச்சிட்ட மாதிரிகீது” என்றார் உங்கள் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

ஒருவேளை நான் இறக்கியது வேறு பெட்டியாக இருக்குமோ என்ற நப்பாசையில் வேன் சீட்டுக்கு அடியில் துழாவினேன். மலையேறுகிறோமே என்று அந்த வாரம்தான் புது பிரேக் டிரம் மாற்றியிருந்தேன். பழையவை இரண்டும் அங்கே கிடந்தன. வெளியே இழுத்தபோது ஒன்று நழுவிக் கல்லில் விழுந்து, கோயில் மணி மாதிரி ‘டங்’கென்றது.

தம்பி திரும்பிப் பார்த்தார். “அண்ணே, இன்னொரு தபா போடுண்ணே!”

மேடையின் இரும்புக் குழாயில் அதைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு கையில் குச்சி, மறு கையில் என் வீல் ஸ்பேனர். தம்பி அடித்த அடியில் உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்துவிட்டது. பாடகர் மைக்கில் என்னைக் காட்டிச் சொன்னார்: “இது அண்ணன் வண்டி பிரேக்கு. இத்தினி வருசமா எங்கள உசுரோட கொண்டாந்து சேர்த்தது இதாங்க!” கைதட்டலில் உங்கள் மாமா விசிலே அடித்தார்.

இப்போது அவர்கள் போகும் ஒவ்வொரு மேடைக்கும் அந்த டிரம் போகிறது. நான் இறக்கிவிட்ட பெட்டியைப் பற்றி ஒருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. தப்புச் செய்தவனையும் மேடையில் பெருமைப்படுத்தியவர்களுக்கு வண்டி ஓட்டுகிறேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய கௌரவம்.

அன்று எல்லோரும் சாப்பிடப் போனபின் நான் மட்டும் மேடைக்குத் திரும்பினேன். கயிற்றை அவிழ்த்து, டிரம்மை என் துண்டால் துடைத்து, வேனில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஏற்றி வைத்தேன். பிறகு விரல் முட்டியால் மெல்ல ஒரு தட்டுத் தட்டி, ஓசை அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.