காலண்டரில் நின்ற மாமனார்

சின்னம்மாவின் மாமனாருக்கு ஒரு வெள்ளைக்கார துரை எட்டணா பாக்கி. ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்தவன் அவன். இவருடைய சட்டையைக் கழற்றச் சொல்லி, அளவுகோல் பக்கத்தில் வெயிலில் நிற்கவைத்தான். பேசிய கூலியைக் கொடுக்காமலே போய்விட்டான்.

சின்னம்மா கண்ணமங்கலம் பக்கத்து இருளர். ரைஸ்மில்லில் முன்பணத்துக்கு அடைபட்ட குடும்பத்தில் பிறந்து, வெளியே வந்து, எலி பிடித்தே மகனைப் படிக்கவைத்தவர். பட்டுக் குடோனுக்கு எலிதான் எமன். ஆரணியில் என் குடோனில் அவர் கால் வைத்த பிறகு ஒரு சேலையில்கூடப் பல் பட்டதில்லை. ஒற்றைத் தறியில் தொடங்கி மூன்று கடை கண்டவன் நான்; உழைப்பாளியைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

போன மார்கழியில் என் கடைக் காலண்டர் அச்சாகி வந்தது. வேலூர் வரைக்கும் அது தொங்காத வீடு கிடையாது. இந்த முறை, மருமகள் காவ்யா வெளிநாட்டு மியூசியத்தின் இணையதளத்திலிருந்து எடுத்த பழைய படங்கள். எலி பிடிக்க வந்த சின்னம்மா அதைப் புரட்டிக்கொண்டே வந்து, ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

“மொதலாளி, இவுரு என் மாமனாரு. காது மடலைப் பாருங்க, உடும்பு கிழிச்சது. கீழ இன்னா எழுதிகீது?”

“காட்டுமனிதன்,” என்று படித்தாள் காவ்யா.

“சட்டை போட்டுகினு இருந்த ஆளைக் கழட்டவெச்சிட்டு, காட்டுமனுசனா? அவுரு பேரைப் போடுங்க.”

“பேரு இன்னா?” என்றேன்.

சின்னம்மா அந்தப் பேரை மட்டும் சொல்லவில்லை.

“பேரே தெரியாத மாமனாரா? காலண்டர்ல வந்தா ஊருக்கே சொந்தக்காரன்தான்!” என்று சிரித்தேன்.

அவர் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “டேய், உங்க தாத்தா பேரை மொதலாளிக்குச் சொல்லு.”

“கன்னியப்பன்ங்க,” என்றான் செய்யாரில் கம்பெனி பஸ் ஓட்டும் இளவரசன். “மாமனார் பேரை அம்மா சொல்லாதுங்க. ஏன், இன்னா பேஜாரு?”

என் மனைவி அபிதகுசாம்பாளும் இந்நாள்வரை என் அப்பா பேரைச் சொன்னதில்லை. அந்த மரியாதை சின்னம்மா வீட்டிலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“எல்லாம் அச்சாயிடுச்சு மாமா. மேல ஸ்டிக்கர் ஒட்டிடலாம்,” என்றாள் காவ்யா.

“ஒட்டுனது உரிஞ்சிடும்மா. அடியில காட்டுமனுசன் அப்படியேதானே இருப்பாரு?” என்றார் சின்னம்மா.

அந்தப் பக்கத்தையே கிழித்துப் புதிதாக அடிக்கச் சொல்லி, காவ்யாவோடு அவரையும் அச்சகத்துக்குக் கூட்டிப்போனேன்.

“மொதல்ல பணம், அப்புறம்தான் மெஷின் சுத்தும் அண்ணே,” என்று கையை நீட்டினான் அச்சகத்து தனசேகரன்.

பேரம் பேசாமல் நான் காசு கொடுத்ததை ஆரணியில் யாரும் பார்த்ததில்லை, சின்னம்மா பார்த்தார். ‘கன்னியப்பன், கண்ணமங்கலம்’ என்று காவ்யா அச்சகத்துக் கம்ப்யூட்டர் திரையில் படித்துக்காட்டியதும், ஐந்நூறு ஐந்நூறாக அவன் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.