மறுநாளைப் பற்றிக் கேட்டவர்

1993-ஆம் வருஷம், கார்த்திகை மழை விடாமல் பெய்த சமயம். இராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் கணவருக்கு வந்தது, அடுத்து மூன்று வயது மகளுக்கு. இருவருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்த எனக்குக் கடைசியாக வந்தது. அவர்கள் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார்கள். எனக்கும் காய்ச்சல் விட்டது. ஆனால் போகும்போது உடம்பில் இருந்த தெம்பையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது.

சோர்வு என்று சொன்னால் யாருக்கும் புரியாது. எல்லோருக்கும்தான் சோர்வு வருகிறது. எனக்கு வந்தது வேறு. தலை சீவக் கையைத் தூக்கினால் பாதியில் இறக்கிவிட வேண்டும். இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் கண் மூடாதவள் போல இருக்கும். அடுப்படிக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சத்து டானிக், இரும்புச்சத்து மாத்திரை, வாரா வாரம் ஊசி, இரண்டு முறை குளுக்கோஸ். சித்த வைத்தியர் கொடுத்த லேகியம். தினமும் முருங்கைக்கீரை. மதுரைக்குப் போய் எல்லாப் பரிசோதனையும் செய்தோம். "எல்லாம் நார்மல். காலையில் வேகமாக நடங்கள், மனசைத் தெம்பாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். நார்மல் என்று கேட்டதும் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக எனக்கு அழுகை வந்தது. ஏதாவது ஒரு கோளாறு தெரியாதா என்று ஏங்கினேன். அப்படி நினைத்ததற்காக அன்று முழுவதும் என்னையே திட்டிக்கொண்டேன்.

என் மாமியாருக்கு வாய் கொஞ்சம் நீளம். "எம்புட்டு மருந்துட்டி வாங்கித் தாறது? உடம்புல ஒண்ணுமில்லேன்னு பெரிய டாக்டரே சொல்லியாச்சு. பொறவு என்னத்துக்குப் படுக்கே?" என்பார். நான் சோம்பேறிதானோ, படித்த திமிரில் வேலைக்கு வணங்காமல் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம். அதனால் கொஞ்சம் தெம்பாக இருக்கும் நாளில் மொத்த வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வேன். போர்வைகளைத் துவைத்து, மாவாட்டி, வீடு கழுவி விடுவேன். மறுநாள் பாயை விட்டு எழ முடியாது. "நேத்து ஆட்டுரல உருட்டுனவளுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்று அத்தை கேட்பார். நியாயமான கேள்விதானே? அதுதான் அதிகம் வலித்தது.

மார்கழியில் ஒரு நாள் நான் அசந்து கிடந்தபோது, மகள் பசித்து அழுது, அழுதபடியே தூங்கிப்போனாள். அன்றைக்கு வந்திருந்த மதினி, என் கணவரின் அக்கா, அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைய நான் வத்திராயிருப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ தேறின பொறவு வந்து கூட்டிக்கோ" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நான் எப்போது தேறுவேன் என்று யாருக்குத் தெரியும்? அதுவரை என் பிள்ளை யாரை அம்மா என்று கூப்பிடும்?

அத்தைதான் ஒரு தவணை வாங்கிக் கொடுத்தார். "ஆண்டாளுக்கு நேந்திருக்கேன். இவ ஒரு அடிப்பிரதட்சணம் பண்ணட்டும். அதுக்கும் சரியாகலைன்னா பிள்ளை ஒங்கூட வரட்டும்."

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அத்தையும் நானும் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பிரகாரத்தில் அடி மேல் அடி வைத்து நடக்கத் தொடங்கினேன். தாயே, என் பிள்ளையை என்னிடமே விட்டுவிடு என்பதைத் தவிர வேறு வேண்டுதல் வாயில் வரவில்லை. பாதிச் சுற்றுகூட ஆகவில்லை. கால் தட்டித் தடுமாறியது, தூண்கள் ஆடின. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சாமி சந்நிதியில வந்துமா? எந்திரிட்டி, நாலு பேரு பாக்காக!" என்று அத்தை கையைப் பிடித்து இழுத்தார்.

பக்கத்துத் தூணில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். தலை நிறையப் பூவும் பளிச்சென்ற முகமுமாக இருந்தார். அவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, இன்னிக்கு இப்படின்னா நாளைக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

இத்தனை மாதத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. "நாளைக்கு எந்திரிக்கவே முடியாதுக்கா. நாளான்னைக்கும்தான்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"காய்ச்சலுக்குப் பொறவா?"

தலையாட்டினேன். அவர் அத்தையிடம் திரும்பினார். "கோவிச்சுக்காதீகம்மா. ஒங்க மருமக நடிக்கல. எனக்கும் இதேதான். நான் டீச்சரா இருந்த பள்ளிக்கூடத்துல, லீவு போட நடிக்கேன்னுதான் பேசிக்கிட்டாக."

"பாத்தா நல்லா திடமாத்தானே இருக்கீக?" என்றார் அத்தை, நம்பாமல்.

"அதாம்மா இந்த வியாதில உள்ள வம்பே! இந்தா, வீட்டு ஆளுக சுத்தி வாராக, என் பங்கையும் சேத்து. நான் உக்காந்தே கும்பிட்டுக்கிறேன். ஆண்டாள் ஒண்ணும் வையல."

அத்தை என்னையும் அந்த அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நேந்துக்கிட்டவ நான்தானே? நானே சுத்திட்டு வாரேன். நீ பிள்ளையப் பாத்துக்கிட்டு இரு" என்று கிளம்பினார். அவருக்கு இரண்டு மூட்டும் வலி. ஒவ்வொரு அடிக்கும் முகம் சுளிப்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

தனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா அந்த ஊரிலேயே இருப்பதாக அந்த அக்கா சொன்னார். அன்று மாலையே போனோம். டாக்டரம்மா நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "இதைக் குணமாக்க ஒரு மருந்து இருக்குன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா செய்யக்கூடியது நிறைய இருக்கு" என்றார். தைராய்டு போல வேறு ஏதாவது காரணம் மறைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். ஆழ்ந்து தூங்குவதற்கும் உடம்பு வலி குறைவதற்கும் மாத்திரை எழுதினார். தெம்பு ஊசியையும் குளுக்கோஸையும் நிறுத்தச் சொன்னார். வேக நடை கூடவே கூடாது. "களைச்சுப் போன பிறகு ஓய்வெடுக்காதீங்க. களைக்கிறதுக்கு முன்னாடியே எடுங்க. நல்லா இருக்கிற நாள்லயும் பாதி வேலையோட நிறுத்துங்க."

அத்தை பிறந்த ஊர் தேவதானம். விவசாயக் குடும்பம். "அப்ப எங்க ஊர்க் கிணறு கணக்கு. ஊறுன தண்ணியளவுக்குத்தான் மோட்டாரு ஓடணும். மேல ஓட்டுனா மோட்டாரு காந்திரும்" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான்மா."

அன்றிலிருந்து அத்தைதான் எனக்குக் காவல். அடுப்படியில் எனக்கென்று ஒரு ஸ்டூல் வந்தது. காய்கறி நறுக்கினால் அதோடு படுக்க வேண்டும், அதன் பிறகுதான் குழம்பு. ஒரு நல்ல நாளில் அவருக்குத் தெரியாமல் போர்வையை ஊறப்போட்டேன். "ஏட்டி, மோட்டார நிறுத்து!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டு மோட்டாரை நிறுத்தப் போனார்.

ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. ஆனால் படுக்கையில் போகும் நாட்கள் குறைந்தன. படுத்தபடியே மகளுக்குக் கதை சொல்வேன். அவள் என் வயிற்றில் தலை வைத்துக் கேட்பாள்.

சித்திரையில் மதினி வந்தார், குழந்தையின் துணிமணிகளை எடுத்து வைக்கச் சொன்னார். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை. "பிள்ளை எங்கயும் வராது. இவளால வேலதான் செய்ய முடியாது, ஆத்தாளா இருக்க முடியுதுல்லா? ஒனக்கு அம்புட்டு ஒத்தாசை செய்யணும்னா, இருந்து அந்தப் பாத்திரத்தத் தேய்ச்சுக் குடுத்துட்டுப் போ."

மதினி என்னைப் பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரித்தபடியே பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தார்.

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நானும் பெருமளவு தேறிவிட்டேன். ஆனால் கல்யாண வீடு, ஊர்ப் பயணம் என்றால் முதல் நாளும் மறுநாளும் ஓய்வுக்கென்று ஒதுக்கிவிடுவேன். அந்த அக்காவை அதன் பிறகு பார்க்கவே இல்லை. பதற்றத்தில் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். மகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனபோது ரிக்‌ஷாவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான்தான்; முன்பின் தெரியாத ஒருவர் என் உடம்பைப் பற்றி நான் சொன்னதை அப்படியே நம்பியதால் கிடைத்த காலை அது என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.