தேவநேசன் சொன்ன தூக்குமேடைக் கதை

மைசூரில் எங்கள் கொட்டகையில் இங்கிலீஷ் படம் ஓடும்போது, திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் நின்று தேவநேசன் கதை சொல்வார். தரை டிக்கெட்காரர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. பாதி கன்னடம், பாதி தமிழில் அவர் சொன்னால்தான் அவர்களுக்குப் படம். வாசலில் டிக்கெட் கிழித்த எனக்கு அவர் வாய்மேல் ஒரே பொறாமை.

முதல் பொதுத்தேர்தல் நெருங்கிய சமயம். ஒரு ஊர்வலத்தில் கல்வீச்சு. ஆளுங்கட்சிப் பெரிய மனிதர் மகனையும் தேவநேசனின் தம்பி மரியராஜையும் போலீஸ் சேர்த்தே பிடித்தது. சிவந்த தோல்காரனான அந்த மகன் அன்று சாயங்காலமே வீட்டில் காபி குடித்தான். கறுத்த தமிழ்க் கூலிக்காரனை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். மரியராஜுக்குக் காசநோய், உள்ளே இருந்தால் தாங்கமாட்டான். ஜாமீனுக்குச் சொந்த வீடு உள்ள ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். தேவநேசன் ஏறாத படியில்லை. என்னிடமும் கேட்டார். வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று நழுவினேன்.

அந்த வாரம் பழைய அமெரிக்கக் குதிரைவீரர் படம். குதிரை திருடிய வெள்ளைக்காரனைக் கண்டித்து அனுப்புகிறார்கள். அதே குதிரையைத் தொட்ட கறுப்பு ஆளுக்குத் தூக்கு. தேவநேசனுக்குப் பொறுக்கவில்லை.

"நோடி ஸ்வாமி, பாருங்க, இது அமெரிக்கா இல்ல, நம்ம ஊரு ஸ்டேஷன்தான். செவப்பா இருந்தா வீடு, கறுப்பா இருந்தா கம்பி."

கொட்டகை அதிர்ந்தது. நானும் வெட்கமில்லாமல் விசிலடித்தேன்.

மறுநாளே எதிர்க்கட்சிக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். அவர் சொன்னதை நோட்டீஸாக அடித்துச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். அவர்கள் தலைவர் சுப்பையாவுக்கு இரண்டு வீடு. தேவநேசன் நம்பிப்போய்க் கையெழுத்துக் கேட்டார்.

"ஓட்டு முடியட்டும்ப்பா. உன் தம்பி உள்ள இருந்தாத்தான் ஜனங்களுக்கு உறைக்கும்" என்றார் சுப்பையா.

நாசமாய்ப்போகிறவர்கள்! ஆளுங்கட்சிக்கு மரியராஜ் ஆகாதவன், எதிர்க்கட்சிக்கு அவன் வெறும் நோட்டீஸ். கையெழுத்துப் போட மனசு வைத்திருந்த ஓரிருவரும் தேவநேசன்மேல் கட்சி முத்திரை விழுந்தபின் பயந்து ஒதுங்கினார்கள். மரியராஜின் மனைவி சகாயமேரி, அவன் ரத்தமாகக் கக்குகிறானென்று ஜெயில் வாசலிலிருந்து அழுதுகொண்டு வந்தாள்.

அன்று மாட்னி ஹவுஸ்ஃபுல். தூக்குக் காட்சி வந்ததும் அந்த வசனத்தைச் சொல்லச்சொல்லி ஜனங்கள் கத்தினார்கள். தேவநேசன் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கும்பிட்டார்.

"அந்தக் கறுப்பன் பேரு மரியராஜ். என் தம்பி. சொந்த வீடு இருக்கிறவங்க யாராவது ஒரு கையெழுத்துப் போடுங்க."

புது வசனமென்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு லஷ்கர் மொகல்லாவில் சொந்த வீடு உண்டு. படம் முடியுமுன்னே எழுந்து கதவைத் திறந்துவிடப் போய்விட்டேன்.