மணப்பாட்டில் 'தற்செயலாக' நடந்த சந்திப்பு

சுற்றுலா வேன் ஓட்டுகிற எங்களுக்குக் கடல் என்றால் நிழல் இல்லாத பார்க்கிங், அவ்வளவுதான். நீங்களும் வாடகைக்கு வேன் ஓட்டுகிறவராக இருந்தால் இதற்குத் தலையாட்டுவீர்கள். சொந்தபந்தங்களோடு ஒரே வேனில் ஒரு நாளாவது போய் வந்தவராக இருந்தாலும் நம்ம கஷ்டத்தில் உங்களுக்குப் பங்கு உண்டு. கோவில்பட்டி வேன் ஸ்டாண்டில் வண்டி போட்டிருக்கிற நான், போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற ஓர் அண்ணாச்சி குடும்பத்தை மணப்பாட்டுக்குக் கூட்டிப்போனேன். அந்த ஒரு நாளைச் சொன்னாலே போதும்.

ரகசியம்

அண்ணாச்சியின் சம்சாரம் முந்தின நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கடற்கரை, பூங்கா எல்லாம் சும்மா சாக்கு. பூங்காவில் வைத்து மகள் பவானியை மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப்போகிறார்கள். அவர்களும் கோவில்பட்டிதான். இரண்டு குடும்பமும் 'தற்செயலாக' சந்தித்துக்கொள்ளும். வீட்டில் வைத்துப் பார்த்தால் தெருவுக்குத் தெரிந்துவிடுமாம், தட்டிப்போனால் அசிங்கமாம்.

ஏற்கெனவே இரண்டு கோயிலில் வைத்து இரண்டு பேர் பார்த்துவிட்டு, பெண் நிறம் கம்மி என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு தடவையும் பவானியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. எம்.காம். படித்து பேங்கில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு உலகத்தில் எது வேண்டுமானாலும் தெரியலாம், தன் கல்யாணப் பேச்சு மட்டும் தெரியக் கூடாது போல.

"டிரைவருக்குத் தெரியணுமேன்னுதான் தம்பி ஒங்கிட்ட சொல்லுதேன். பிள்ளைக்குத் தெரிஞ்சிரக் கூடாது."

கடலைப் பற்றி ஒரு கருத்து

முன் சீட்டில் அண்ணாச்சியின் அக்கா. ஏறி உட்கார்ந்ததும் ஏசி குளிருகிறது என்றார். அணைத்தால் வேகிறது என்றார். எட்டயபுரம் தாண்டுவதற்குள் மடியில் வைத்திருந்த தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். மணப்பாட்டில் இறங்கி, மேட்டிலிருக்கிற சிலுவைக் கோயிலையும் கீழே விரிந்து கிடக்கிற கடலையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மணலில் உட்கார்ந்து மறுபடி பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கோவில்பட்டிக் கடலைமிட்டாய். அதை நம்ம ஊரிலேயே உட்கார்ந்து தின்றிருந்தால் எனக்கு டீசலாவது மிச்சம்.

எப்படி இருக்கிறது கடல் என்று மரியாதைக்குக் கேட்டுத் தொலைத்தேன்.

"இதுல என்ன இருக்கு? திருச்செந்தூர்லயும் இதே தண்ணிதான கெடக்கு!"

வெயில்

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். அவர் சம்சாரம் கால் நனைத்தார். அக்காகூட அலைக்குப் பயந்து பயந்து நாலு எட்டு போய் வந்தார். பவானி மட்டும் வேனுக்குள். வெயில் பட்டால் கறுத்துவிடுமாம். பிறந்ததிலிருந்து கரிசல்காட்டு வெயிலில் பள்ளிக்கூடம் போய், பஸ்ஸுக்கு நின்று வளர்ந்த பெண்ணை மணப்பாட்டு வெயில் ஒரு மணி நேரத்தில் என்ன செய்துவிடும்? எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் வாடகைக்கு வந்தவன் வாயைத் திறக்க முடியுமா? ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே அந்தப் பிள்ளை, "அவிய எப்ப வாராவ அண்ணே?" என்று கேட்டது. எவர் என்று நான் முழித்தேன். பாவம், என் முழியைப் பார்த்து அதற்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா சீட்டுக்கு அடியில பட்டுச் சேலைய ஒளிச்சு வச்சிருக்கா. கடலுக்கு யாராவது பட்டுச் சேல கொண்டு வருவாவளா அண்ணே?"

அதே ஸ்டாண்டு

போட்டோ எடுக்க வேண்டும் என்று சொல்லிப் பட்டுச் சேலையைக் கட்டவைத்து, தலை நிறையப் பூவும் வைத்து, பக்கத்திலிருந்த பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து என் வண்டிக்குப் பின்னால் நின்றது. இறங்கியது யார் தெரியுமா? தினமும் ஸ்டாண்டில் எனக்கு அடுத்தபடியாக வண்டி போடுகிற முருகேசன்!

ஊர்க்கண்ணுக்குத் தப்பி நூறு கிலோமீட்டர் தாண்டி வந்த புத்திசாலிகள் இரண்டு வீட்டாரும் ஒரே ஸ்டாண்டில் வேன் பிடித்திருக்கிறார்கள். டிரைவருக்குக் கண்ணும் காதும் கிடையாது என்று நினைப்பு. முருகேசனுக்கு இரண்டும் உண்டு, வாய் அதைவிடப் பெரியது.

"ஏலே, அந்தப் பார்ட்டிக்கு நீதானா? நம்ம டீக்கடையில அத்தன பேரும் முடிவு என்னாச்சுன்னு காத்துக்கிட்டு இருக்காவல்லா!"

பெஞ்சு

"அட, நீங்களா!" என்று இரண்டு பக்கமும் வியந்துகொண்டார்கள். நாடகத்தில் நடிக்கிறவன்கூட இதைவிட நன்றாக நடிப்பான். எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, பவானியை ஊஞ்சல் வரைக்கும் நடந்து வரச் சொன்னார். கால் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம். பெண்ணின் அப்பா அங்கேதான் இருந்தார், செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு. மாப்பிள்ளை செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பவானி நடந்து போய்விட்டு வந்தது.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்த அந்த அம்மா, "ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார். பவானி உட்காரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"ஒங்களுக்கு எதுக்கு அத்தே அந்தச் செரமம்? நடந்துக்கிட்டே நானே யோசிச்சுட்டேன், எனக்கு வேண்டாம்."

வீட்டு வாசல்

திரும்பி வரும்போது அண்ணாச்சியின் சம்சாரம் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஊருக்குத் தெரிஞ்சா இனி யாரு கட்டுவா?" என்று வழி நெடுகக் கேட்டார். வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கி உள்ளே போனார்கள். கடைசியாக இறங்கிய பவானி என் ஜன்னல் பக்கம் வந்து நின்றது. ஊரில் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்கப்போகிறது என்று நினைத்து, சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

"ஸ்டாண்டுல கேப்பாவல்லா அண்ணே, இந்தத் தடவ வேண்டாம்னு சொன்னது பொண்ணுதான்னு ஒடைச்சுச் சொல்லிருங்க."

முருகேசன் வண்டியை நிறுத்திவிட்டு வாயைத் திறப்பதற்குள் டீக்கடை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.